அக்கா கொடுத்த பாதி மாத்திரை

கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். இவன் அக்காவிடம் போனான். அக்கா என்ன படித்தாள் என்று கேட்டுவிடாதீர்கள். தன் பதட்டத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்கியவள். அந்த ஒரே தகுதியில் குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்தாள். யார் பெருமூச்சு விட்டாலும் அவள் கைப்பை திறந்துகொள்ளும். 'டாக்டரம்மா' என்று சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள். அது கிண்டல் என்று அவளுக்கு மட்டும் உறைக்கவில்லை.

"பாதிதான்டா. பாதி போட்டா போட்ட கணக்கே இல்ல" என்பாள்.

இவனுடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அது உங்க அக்காவுக்கு எழுதினது. உங்களுக்கு எப்படிங்க கேக்கும்?" அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா சொன்னால் வேதவாக்கு. பெண்டாட்டி சொன்னால் பொறாமை.

ஒரு நாள் காலை சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நின்றான். கேட்டால் நாக்கு குழறியது.

"ராத்திரி பாதி போட்டேன், கேக்கல. அப்புறம் ஒரு பாதி. விடியும்போது ஒரு பாதி. எல்லாம் பாதிதானே."

இந்த மூளையை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஆட்களின் தலைக்கு மேலே இரும்பைத் தூக்கினான் என்று பதறி மனைவி வழியை மறித்தாள். அவன் அவளைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போகும் வேனில் ஏறிவிட்டான். போன் செய்தால் வேலை போகும். செய்யாவிட்டால் யாருடைய உயிராவது போகும். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"சார், அவரை மேல ஏத்தாதீங்க. தூக்க மாத்திரை போட்டிருக்கார்."

அடித்துப்பிடித்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, கிரேனுக்குக் கீழே ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் முழுசாக இருந்தார்கள். அவன் சூப்பர்வைசர் அறை பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான்.

"ஏணில கால் வச்சவரை இழுத்துட்டு வந்தோம். இனிமே இவருக்கு இங்க வேலை இல்லம்மா" என்றார் சூப்பர்வைசர்.

அதற்குள் விஷயம் தெரிந்து அக்காவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். இப்போதாவது தன் தப்பு புரியும், வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்வாள் என்று மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, எப்படித் தூங்குறான். மருந்து கேக்காதுன்னு சொன்னியே."

அவன் எழுந்துவிடப் போகிறானே என்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.