ஓட்டுத் தையல்

"கையை எடு, அக்கா! எடுன்னு சொல்றேன்ல!"

கறுப்புத் துணியின் ஓரத்தைப் பிடித்திருந்த அக்கா, சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் செத்த சேதி வந்ததிலிருந்து வாயே திறக்காமல், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தவள் முதல் தடவையாகக் குரல் உயர்த்தியது ஒரு மீன் தொட்டிக்காக.

"என்னடி இது? ஆளுங்க வந்து போற வீடு. நடுக் கூடத்துல கறுப்பா ஒண்ண மூடி வெச்சிருக்க. கீழ் வீட்டம்மா அது முன்னாடி நின்னு கண்ணத் தொடச்சுட்டுப் போறாங்க, உள்ளதான் அவர் இருக்கார்னு நெனச்சு."

"இருக்கட்டும்."

"துணிய எடுத்துட்டா அது தொட்டின்னாவது தெரியும்ல?"

"தொறக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"யாரு?"

"அவர்தான். வேலைக்குப் போகும்போது."

அக்கா தங்கையின் தலையைத் தடவினாள். அந்தத் தடவலின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறாள். நினைக்கட்டும். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

தொட்டிக்குள் மோட்டார் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

சோபா போட வேண்டிய இடத்தில் அந்தத் தொட்டி வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மூன்றடி நீளம், உள்ளே உப்புத் தண்ணீர், கல், பவளம், ஒரே ஒரு மீன். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். யார் வந்தாலும் முன் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடி மிரட்டும் என்பதால் அதற்கு "முதலாளி" என்று பெயர். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள அடுக்குமாடிகளில் எல்லாம் மேலும் கீழும் போய்வந்துவிட்டு, லிஃப்டே இல்லாத தன் கட்டடத்தில் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டியைத்தான் பார்ப்பார்.

"சக்களத்தியப் பாத்தாச்சா? இப்ப என்னையும் பாக்கலாமா?" என்பாள் அவள்.

திரைச்சீலை தைப்பது அவள் தொழில். ஜன்னலோரம் மெஷின், கூடத்தின் மறுகோடியில் தொட்டி. ராத்திரி அவள் மெஷின் நின்றாலும் தொட்டியின் இரைச்சல் நிற்காது. இந்த எழவு ஒரு நாளாவது வாயை மூடாதா என்று எத்தனையோ தடவை தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷம் கல்லெல்லாம் பச்சைப் பாசி பிடித்தது. முடி முடியாக வளர்ந்து தண்ணீரில் ஆடியது. "எண்ணெய் தேய்ச்சு ரெட்டை ஜடை பின்னி விடுங்களேன்" என்று அவள் கிண்டல் பண்ணினாள். பார்க்கச் சகிக்கலை, வர்றவங்க சிரிக்கறாங்க என்றும் சொன்னாள். அவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கல் கல்லாகத் தேய்த்தார். முதலாளியின் தீனியைக் குறைத்தார். தண்ணீரை மாற்றினார். பச்சை மொத்தமும் போய் உள்ளே எல்லாம் ஆஸ்பத்திரித் தரைபோலப் பளிச்சென்று ஆனது. ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் வந்தது இன்னொன்று. பழுப்பு நிறத்தில், மூக்குச் சளிபோல, குமிழி குமிழியாக. சாயங்காலம் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தால், மறுநாள் விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் பவளத்தின் மேல் போர்வைபோல மறுபடி படுத்திருக்கும்.

"இது வெளிச்சத்தத் தின்னு வாழுது," என்றார் ஒருநாள், பெரிய துப்புத் துலக்கியவர்போல. "மூணு நாள் மொத்தமா இருட்டாக்கிட்டா செத்துரும். பவளம் மூணு நாள் தாங்கும். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள போகாத துணி உங்கிட்ட இருக்குமே?"

இருந்தது. அவளே தொட்டியை அளந்து, வெட்டி, உறைபோலத் தைத்தாள். "சக்களத்திக்கு என் கையாலேயே உடுப்பு தைக்க வெச்சுட்டீங்க பாத்தீங்களா?"

"இடுப்புல கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, மேடம்."

"வாயக் கிளறாதீங்க."

முன்பக்கம் இரண்டு ஓரமும் சேரும் இடத்தில் கிளிப் போட்டுப் பார்த்தார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அவள் ஊசியை எடுத்து, மேலிருந்து கீழ்வரை நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டாள். மேல் நுனியில் மட்டும் ஒரு முடிச்சு. கீழ் நுனியை அப்படியே விட்டாள்.

"முடிச்சப் பிடிச்சு ஒரே இழுப்பு, மொத்தமும் வந்துரும். ஆனா முடிச்சு எங்கன்னு எனக்குத்தான் தெரியும். மடிப்புக்குள்ள விட்டிருக்கேன்."

"அப்ப தொறக்கறதுக்கும் நீதான் வரணுமா?"

"கூப்பிடுங்க, வர்றேன்."

அது அவர் சாவதற்கு முந்தின நாள் ராத்திரி. மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது அவள் மெஷினில் இருந்தாள். மதியத்துக்குள் கொடுக்க வேண்டிய வேலை. அவர் வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் ...ற வரைக்கும் தொறக்காத."

மெஷின் சத்தத்தில் நடு வார்த்தை பாதி போய்விட்டது. பெடலில் இருந்து காலை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், அவள் "ம்" என்றாள்.

மதியம் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில், தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து, பாவம் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதிலிருந்து அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்ற வரைக்கும் தொறக்காத. நான் வர்ற வரைக்கும் தொறக்காத. உதட்டுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் அவர் குரலிலேயே கேட்டது. சொல்ற வரைக்கும் என்றால், இனி யார் சொல்வது? வர்ற வரைக்கும் என்றால்...

மகளிடம் கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டு அவளும் அன்றைக்கு வாசலில்தான் நின்றிருந்தாள்.

"அப்பா என்னடி சொன்னாரு?"

"காதுல பாட்டு மாட்டியிருந்தேம்மா." மகளுக்குப் பதினான்கு வயது. அழுது அழுது முகம் உப்பியிருந்தது. "டாட்டா காட்டினாரு. அது மட்டும் பாத்தேன்."

வேலை செய்யும் இடத்தில் நடந்த சாவு, பரிசோதித்துவிட்டுத்தான் தருவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நேற்று வருகிறது என்றார்கள். இன்றைக்குக் காலையில் என்றார்கள். பாடி எப்ப வருது, பாடி கிளம்பியாச்சா என்று எல்லோர் போனிலும் அதே பேச்சு. 'பாடி' என்ற வார்த்தை வரும்போதெல்லாம் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது.

மதியம் தாண்டி, திடீரென்று வீடு அமைதியானது.

முதலில் அவளுக்கு என்னவென்று தெரியவில்லை. ஆட்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், நாற்காலியை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் காது அடைத்ததுபோல ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அப்புறம் உறைத்தது. மோட்டார் நின்றிருந்தது.

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தொட்டிக்குப் பின்னால் கொழுந்தன் குனிந்து நின்றான், ஒரு கையில் கெட்டில், இன்னொரு கையில் பிடுங்கின பிளக்.

"என்ன தம்பி பண்ற?"

"டீக்குத் தண்ணி வெக்க பிளக் இல்ல, அண்ணி. அஞ்சு நிமிஷம்."

"மாட்டு அத. மாட்டுடா!"

தம்பி என்றும் நீ என்றும்தான் கூப்பிடுவாள், டா போட்டதில்லை. அவன் விதிர்விதிர்த்துப் போய் மாட்டினான். உள்ளே தண்ணீர் இரண்டு தடவை கொப்பளித்து, மறுபடி இரையத் தொடங்கியது. அவள் துணியின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன் அக்காவைப் பார்த்தான். அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒருவர் வந்து நின்றார். தடித்த ஆள், டிரைவர் சட்டை, மாடி ஏறிய களைப்பு. எல்லோரும் பூவோடு வந்த வீட்டுக்கு அவர் நீலக் கலர் தண்ணீர்க் கேனோடு வந்திருந்தார்.

"தண்ணிக்கு யாரு சொன்னா? இங்க நெறைய இருக்கே," என்றாள் அக்கா.

"இது உப்புத் தண்ணிங்க. தொட்டிக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புருஷனின் போனில் "உப்பு" என்று ஒரு பெயர் இருக்கும். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடும். பாசி, விளக்கு, தண்ணீர் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த ஆளின் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"அண்ணி," என்றார் உப்பு. கேனைக் கீழே வைத்துவிட்டுக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். "ஸ்கூல் பஸ் டிரைவர் நான். இன்னைக்கு சாயங்காலம் இதத் தொறக்கறதா இருந்தோம். என்னையும் வரச் சொல்லியிருந்தாரு."

"இன்னைக்கா?"

"மூணு நாள் கணக்கு இன்னையோட முடியுது. இதுக்கு மேல இருட்டுல வெச்சா பவளம் பட்டினியில போயிரும். செத்துச்சுன்னா தண்ணி கெட்டுப்போகும், அப்புறம் மீனும்..."

"தொறக்கறதப் பத்தி என்ன சொன்னாரு? வந்து தொறக்கறேன்னாரா, சொல்றேன் தொறன்னாரா?"

உப்பு விழித்தார். "அப்படியெல்லாம் தனியா ஒண்ணும்... தொறக்கணும்னாரு. அவ்ளோதான்."

"அண்ணி, அவரே சொல்றாருல்ல, இன்னைக்குத் தொறக்கணும்னு," என்றான் கொழுந்தன். "கத்தரிக்கோல் எங்க? நான் வெட்டித் தர்றேன்."

"யாரும் கைய வெக்கக்கூடாது."

"அப்ப எல்லாம் சாகட்டுமா?" அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. அண்ணன் செத்த கோபம், மூன்று நாள் தூங்காத கோபம். "அண்ணன் உசுரா வளத்தது, அண்ணி!"

"தெரியும். எனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் அவளைக் குழப்பியது. தொட்டி சாகக்கூடாது. ஆனால் அவர் வராமல், அவர் சொல்லாமல் அந்த நூலை இழுத்துவிட்டால், அதற்கு என்ன பொருள் என்பதை அவளால் யோசிக்க முடியவில்லை. யோசனை அந்த இடம் வரை போய், படி முடிந்த இடத்தில் கால் வைத்ததுபோலத் தடுமாறித் திரும்பியது.

உப்பு துணியைத் தொடாமல், தொட்டியைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். "யாரு தைச்சது? ஒரு இடுக்கு இல்ல." அப்புறம் தனக்குள் பேசுவதுபோல, "ரொம்பச் சுத்தமாயிட்டாலும் இந்தப் பழுப்புச் சனியன் வரும். பச்சை கொஞ்சம் இருந்தா இது அண்டாது. விட்டு வெய்யிப்பான்னு சொன்னேன். கேட்டாத்தான? வீட்ல பாக்க நல்லா இல்லைங்கறாங்கன்னுட்டான்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தெரியாமல்தான் சொல்கிறார். அவள் மறுபடியும் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். எண்ணெய் தேய்ச்சு ரெட்டை ஜடை. அன்றைக்கு அவர் எவ்வளவு சிரித்தார்!

ஜன்னலில் வெயில் சாய்ந்தது. உப்பு கேனுக்குப் பக்கத்திலேயே நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மகள் மெதுவாக நகர்ந்து வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"நீ என்னம்மா முணுமுணுத்துக்கிட்டே இருக்க?"

"ஒண்ணுமில்ல."

கீழே ஒரு வண்டி வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம், ஆட்களின் சத்தம். பிறகு படிகளில் கனமான காலடிகள். அவரோடு வேலை செய்கிறவர்கள் நாலு பேர் தூக்கி வருகிறார்கள் போலிருக்கிறது. "திருப்பத்துல பாத்து", "உன் பக்கம் தூக்கு", "கொஞ்சம் நில்லு, மூச்சு விட்டுக்கறேன்" என்ற குரல்கள் மாடி மாடியாக ஏறி வந்தன. கூடத்தில் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள்.

கீழே இறங்கிப் போயிருந்த கொழுந்தன்தான் முதலில் ஓடி வந்தான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, குரல் உடைந்து, அந்த மூன்று நாளில் யாருமே சொல்லாததைச் சொன்னான்.

"அண்ணி... அண்ணன் வந்துட்டாரு."

அவள் நிமிர்ந்தாள். உதடு ஒரு தடவை அசைந்தது. வர்ற.

அவரைக் கொண்டுவந்து தொட்டிக்கு எதிரே கிடத்தினார்கள். அக்கா பெரிதாக அழ ஆரம்பித்தாள், மற்றவர்களும். அவளைக் கைத்தாங்கலாக அவரிடம் கூட்டிப்போக இரண்டு பேர் வந்தார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டு நேரே தொட்டிக்குப் போனாள்.

"அம்மா?" என்றாள் மகள்.

"துணியப் பிடிச்சுக்க. அப்பா மேல விழுந்துரப் போகுது."

மடிப்புக்குள் விரலை விட்டுத் தேடினாள். முடிச்சு அங்கேதான் இருந்தது. பிடித்து இழுத்தாள். நூல் சரசரவென்று தையல் தையலாக உருவிக்கொண்டு வந்தது. இரண்டு ஓரமும் தானாக விலக, மகள் துணியை இரண்டு கையாலும் அள்ளி அணைத்துக்கொண்டாள்.

உப்பு விளக்கின் சுவிட்சுக்குப் போனார்.

"நீல விளக்கு மட்டும்," என்றாள் அவள், திரும்பாமல். "மொத்தமா ஒரேயடியாப் போட்டா கண்ணு கூசும்னு சொல்லுவாரு."

நீலம் மட்டும் எரிந்தது. தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. கற்கள் வெறும் கற்களாகத் தெரிந்தன, மேலே பழுப்பு எதுவும் இல்லை. பவளங்கள் கைக்குழந்தையின் விரல்கள்போல உள்ளே சுருங்கி இருந்தன. கல்லுக்குப் பின்னாலிருந்து முதலாளி மெல்ல வெளியே வந்தது. முன் கண்ணாடிக்கு வந்து, கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து, வாயைத் திறந்து திறந்து மூடியது.

நீல வெளிச்சம் தரையில் நீண்டு அவர் கால்விரல்கள் வரை போனது.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உருவிய நூல் நீளமாக, அறுபடாமல் அவள் கையில் இருந்தது. அதை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றி முடித்தாள். பிரித்தாள். மறுபடி முதலிலிருந்து சுற்றினாள்.