பதினெட்டாவது கிலோமீட்டர்

டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால் பதினெட்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். ஒரு கிலோமீட்டர் முன்னே பின்னே ஆகலாம், ஆனால் நிற்காமல் இருக்காது. முதலில் லேசாக இருமும். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க மூச்சு வாங்கும். அப்புறம் அடங்கிவிடும். ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமும். நாலைந்து கிலோமீட்டர் போய் மறுபடி நிற்கும். இத்தனைக்கும் வேலைக்குப் போக ஆறு, திரும்பி வர ஆறு என்று தினமும் ஓடுகிற வண்டிதான். அந்தப் பாதையில் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

இத்தாலி வண்டி. வாங்கி ஏழு வாரம் ஆகிறது. இருபது வருஷத்துப் பழையது, அவருக்குத்தான் புதிது. அவரை ‘பல்லு சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தவர் மெக்கானிக். பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது பல்லு சாரின் வேலை. டாக்டர் எடுத்த அச்சு ஒரு சின்ன ஜன்னல் வழியாக உள்ளே வரும், செய்து முடித்த பல்செட் அதே ஜன்னல் வழியாக வெளியே போகும். முப்பது வருஷமாக இப்படித்தான். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு அத்துப்படி, ஒருவருடைய முகமும் தெரியாது. வீட்டிலும் அவர் ஒருவர்தான். மனைவி பிரிந்து போய் ஒன்பது வருஷம்.

வண்டி வந்த பிறகு ஒரு மாற்றம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் குனிந்து பார்த்து, “என்ன வண்டி சார் இது?” என்று கேட்டார்கள். அவர் ஆசை ஆசையாகச் சொல்வார். இரண்டு சிலிண்டரும் விரித்த இரண்டு விரல் மாதிரி எப்படி நிற்கின்றன, ஒன்று வெடித்த பிறகு இன்னொன்று எவ்வளவு நேரம் பொறுத்து வெடிக்கிறது, அதனால்தான் சத்தம் நொண்டி அடிக்கிற மாதிரி கேட்கிறது என்பதெல்லாம். பாதி சொல்வதற்குள் பச்சை விழுந்துவிடும். போகட்டும், பாதியாவது பேசியாயிற்றே.

சனிக்கிழமை முழுக்க வண்டிக்குத்தான். ஆயிலை மாற்றுவதற்கு முன்னால் தெருவை ஒரு சுற்று சுற்றி வருவார். சூடான ஆயில் இளகியிருக்கும், அடியில் தங்கிய அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். வால்வுகளுக்கு இருக்கும் இடைவெளியை மெல்லிய தகடு விட்டு அளப்பார். தகடு தாராளமாகப் போகவும் கூடாது, முட்டிக்கொள்ளவும் கூடாது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இழுபட வேண்டும். கடைசியில் பல்செட்டுக்குப் பளபளப்பு ஏற்றும் வெள்ளைப் பசையைத் துணியில் தொட்டு, சைலன்சரிலிருந்து டேங்க் மூடிவரை தேய்ப்பார். கிளினிக்கில் டப்பா டப்பாவாக இருக்கிறது, தனியாக பாலிஷ் எதற்கு?

அக்கா வீடு எழுபது கிலோமீட்டர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, இரண்டு தடவையும் வழியில் நின்று நின்று, பாதிகூடப் போகாமல் உருட்டாத குறையாகத் திரும்பி வந்தார். அக்காவும் தனி ஆள்தான். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு, கடல் தாண்டி மகனோடு இருக்கப் போகிறாள். மீதி இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. புதன்கிழமை போனில் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“நீ வரேன்னா நான் சமைக்கணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுடா. ரெண்டு வாரமா ரெண்டு பேருக்கு ஆக்கி நான் ஒருத்தியா உக்காந்து சாப்பிடறேன். வர இஷ்டம் இல்லைன்னா வண்டி மேல பழி போடாத.”

பஸ்ஸில் வந்தால் என்ன என்றும் கேட்டாள். வண்டியைச் சரி பண்ணிவிடுவேன் என்று மட்டும் சொன்னார். உள்ளே இருந்தது இதுதான்: பஸ்ஸில் போய் இறங்கினால், “நல்லா இருக்கியா”, “இருக்கேன்” என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு சாயங்காலம்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்க்க வேண்டும். போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. வண்டியோடு போனால் அக்கா வெளியே வந்து பார்ப்பாள், ஏதாவது கேட்பாள், இவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

மெக்கானிக் ஏற்கெனவே பிளக்கை மாற்றிப் பார்த்திருந்தார், இக்னிஷன் காயில் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்திருந்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார். டேங்கை நிரப்பிக்கொண்டு தன் கடைக்குள் யாரும் வண்டியை விடக் கூடாது, தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது என்பது அவருடைய சட்டம். அதனால் பல்லு சார் பாதி டேங்கோடு கொண்டுபோய் விட்டார். மெக்கானிக் முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சாவியை நீட்டினார்.

“சார், இது எங்கிட்ட நல்ல பிள்ளையா இருக்கு. உங்களைப் பாத்தாத்தான் அடம் பிடிக்குது. செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க.”

வியாழக்கிழமை காலை ஜன்னல் வழியாக ஒரு பல்செட் திரும்பி வந்தது. மேல்வாய்க்குப் போடுவது. வாயில் நிற்கவில்லை, பேசினால் விழுகிறது என்று டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார்.

மேல்பல் செட் எப்படி விழாமல் நிற்கிறது? பிடித்துக்கொள்ளக் கொக்கி எதுவும் கிடையாது. தகட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே எச்சில் படலம் ஒன்று இருக்கும். காற்று உள்ளே புக வழி இல்லாதவரை தகடு கீழே இறங்க முடியாது. அவர் பிளாஸ்டர் அச்சை நனைத்து, தகட்டை அதில் அழுத்தி, தலைகீழாகத் திருப்பினார். பொத்தென்று விழுந்தது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, வார்க்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி. துளையின் மேல் விரலை வைத்து அழுத்தித் திருப்பினார், நின்றது. விரலை எடுத்தார், விழுந்தது. மறுபடி வைத்தார், நின்றது.

விரல் அப்படியே இருந்தது. காற்று புகாவிட்டால் கீழே வராது. அவருடைய வண்டியில் பெட்ரோலைத் தள்ளுவதற்கு பம்ப் கிடையாது, மேலே இருக்கும் டேங்கிலிருந்து தன் எடையால் தானே இறங்கி வர வேண்டும். இறங்கிய அளவுக்கு மூடியில் இருக்கும் துளை வழியாக மேலே காற்று புக வேண்டும். புகாவிட்டால் உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்று இழுபட்டு விரிந்து, பெட்ரோலைப் போக விடாமல் பிடித்துக்கொள்ளும். நிறைந்த டேங்கில் காற்று ஒரு கை அளவுதான், சீக்கிரமே இழுபட்டுவிடும். பாதி டேங்கில் நிறையக் காற்று, கொஞ்சம் விரிந்தால் தெரியாது. மெக்கானிக்கிடம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது அதனால்தான். கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால் மூடியின் ரப்பர் வளையத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி உயிர் பிழைக்கும். அக்கா வீட்டுக்குத் தூரம் என்று ஒவ்வொரு தடவையும் டேங்கை வழிய வழிய நிரப்பியவர் அவர்தான். நிறைந்திருக்கிறதென்று தெரிந்ததால் வழியில் நின்றபோது மூடியைத் திறந்து பார்க்கவும் தோன்றவில்லை.

மேல் கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டி நின்ற பின்வாசலுக்குப் போனார். டேங்க் மூடியில் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் புள்ளி, வெள்ளையாக. நகத்தால் சுரண்டினார். பசை. காய்ந்து, கெட்டிப்பட்டு, பல்லில் வைத்து அடைத்த சிமென்ட் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஏழு சனிக்கிழமையும் பார்த்துப் பார்த்துத் தேய்த்தது. அவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார், யாரும் இல்லை. சிரிப்பதற்கும் யாரும் இல்லை.

மெல்லிய கம்பி எடுத்துவந்து குத்தினார், வாய் வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் போயிற்று.

அன்று சாயங்காலம் டேங்கை நிரப்பி, நகரத்தைச் சுற்றும் சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, அக்காவுக்கு போன் செய்தார். சமை என்று மட்டும் சொன்னார். பார்க்கலாம் என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். பின்னால் கூடத்தில் கட்டி வைத்த பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. முதலில் தம்பியைப் பார்த்தாள், இளைத்துப் போய்விட்டான் என்றாள். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, சூடான என்ஜினிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“நிக்காம வந்துடுச்சா? அப்படி என்னதான்டா இருந்துச்சு இதுக்கு?”

“டேங்க் மூடில ஒரு சின்ன ஓட்டை இருக்குக்கா. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். நான் பாலிஷ் போட்டுப் போட்டு அதை அடைச்சு வச்சிருந்தேன். கம்பியால குத்தி எடுத்தேன், சரியாயிடுச்சு.”