கதவுப் பக்கம் எத்தனை டிகிரி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்று நாளாக உறுமிக்கொண்டிருந்தது. தங்கையின் கணவரைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை, மருந்து ஏற்றிப்போகும் கூலிங் வண்டிகளில் வெப்பநிலை காட்டும் கருவியைப் பொருத்துகிறவர். அதனாலேயே சொந்தத்தில் யார் வீட்டில் எது குளிரவில்லை என்றாலும் மாட்டுகிறவர் அவர்தான். ஃப்ரிட்ஜை இழுத்துப் போட்டு, அதன் பின்னால் தலையை விட்டுக்கொண்டு, ஸ்க்ரூவைத் திருகியபடியே இதைச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இத எழுதிடாதீங்க மச்சான்."

"ச்சே, சொந்தக்காரங்கள எழுதுவனா மாப்ள?"

அவர் டீ குடித்துவிட்டுப் படியிறங்கியதும் நோட்டைத் திறந்தேன். ஃப்ரிட்ஜ் இப்போது நன்றாக ஓடுகிறது.

2

முதல் தொடக்கம்: *வெயில் ஷெட்டின் தகரக் கூரைமேல்—*

விட்டுவிட்டேன். வெயில் இல்லாமல் எனக்குக் கதை ஆரம்பிக்க வராது. கெட்ட பழக்கம்.

இரண்டாம் தொடக்கம்: *அளக்கும் கருவிகள் அனைத்தும் மனிதனைப் போலவே—*

இதையும் அடித்தேன். நான் தத்துவம் பேசத் தொடங்கினால் எதையோ மூடி மறைக்கிறேன் என்று அர்த்தம். என் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும்.

மூன்றாவது இது. (நேரில் "அவர்", கதையில் "அவன்". மரியாதை கொடுத்துக்கொண்டே ஒருவரைக் கூண்டில் ஏற்றக் கை வரவில்லை.)

அன்று அவனுக்கு மூன்று வண்டிகள். இது இரண்டாவது. வண்டியின் ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். இருபத்திரண்டு வருடமாக அதே கம்பெனியின் ஸ்டியரிங். நிற்க ஸ்டூல் போட்டுக் கொடுத்தார், கேட்காமலே டீ வாங்கி வந்தார், அவனுக்கு "மீட்டர் தம்பி" என்று பெயரும் வைத்துவிட்டார்.

வேலை இதுதான். டிரைவர் சீட் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் பின்னால் சரக்குப் பெட்டிக்குள் போகும். கேபிளின் நுனியில் விரல் நீளத்துக்கு சென்சார். அது இருக்கும் இடத்தில் எத்தனை டிகிரி என்பது வண்டிக் கம்பெனி மேனேஜரின் போனில் தெரியும். அது இருக்கும் இடத்தில் மட்டும். மற்ற இடத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

சரக்குப் பெட்டியில் சூடு ஏறுவது பின்கதவோரம். சென்சாரை அங்கேதான் வைக்க வேண்டும். அதற்குக் கூரைப் பட்டையை நீளமாகக் கழற்றி, நாற்பது ஸ்க்ரூவை எடுத்து, கேபிளை உள்ளே ஓட்டி, மறுபடி நாற்பதையும் முடுக்க வேண்டும். முன்பக்கம் குளிர்காற்று ஊதும் ப்ளோயருக்குக் கீழேயே மாட்டினால் இரண்டு ஸ்க்ரூ போதும். எண்ணும் பத்து நிமிடத்தில் மளமளவென்று இறங்கிவிடும். மேனேஜர் போனைப் பார்த்து, "பிரமாதம்பா" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அதோடு கேபிளும் நீளம் போதவில்லை. ப்ளோயருக்குக் கீழே மாட்டினான்.

ஓட்டுநர் பின்கதவோரம் நின்று காற்றில் கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இங்கதான் சூடு ஏறும். கதவத் தொறக்கறப்ப எல்லாம் வெளிக்காத்து உள்ள வருது. அத இங்க வச்சா நல்லா இருக்கும்ல?"

"எங்க வச்சாலும் ஒண்ணுதாண்ணே. பெட்டி பூரா ஒரே குளிருதான்."

"அப்படியா? சரி, படிச்சவங்க நீங்க சொல்றீங்க."

3

இரண்டு மாதம் கழித்து, வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள். (பார்த்தீர்களா, வெயில் வந்துவிட்டது.) குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து போய் இறங்கியது. ஒவ்வொரு குப்பியிலும் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். சூடு பட்டால் நிறம் மாறும். பாதிப் பெட்டிகளில் மாறியிருந்தது. நல்லவேளை, யாருக்கும் போடவில்லை. அத்தனையையும் கொட்டினார்கள்.

மேனேஜரின் போனில் கோடு நாலு டிகிரியில் நேராகப் போயிருந்தது. வண்டி முழுக்கக் குளிராகவே இருந்திருக்கிறது. அப்படியானால் மருந்து வண்டியிலேயே இருந்திருக்க முடியாது. வழியில் யாரோ அதை இறக்கி வெயிலில் வைத்துவிட்டு, வேறு லோடு ஏற்றி வாடகைக்கு ஓட்டியிருக்கிறார்கள். யாரோ என்றால் யார்? வண்டியில் இருந்தது ஒருவர்தான்.

கருவியைச் சோதிக்க அவனைக் கூப்பிட்டார்கள். அவன் தன் தெர்மாமீட்டரை சென்சாரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே எண். ஆபீஸ் அறைக்குள் போனான். ஓட்டுநர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"கதவுப் பக்கம் கை வச்சுப் பாத்தேன் சார். சூடாதான் இருந்துச்சு. போன வாரமே சொன்னேனே."

"உங்க கைய நம்பறதா, மெஷின நம்பறதா?" என்ற மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "மெஷின் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார்."

சொன்ன வார்த்தையில் பொய் ஒன்றும் இல்லை. சென்சார் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஓட்டுநர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

4

இங்கே நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன்.

இரண்டாம் வரைவில் ஓட்டுநருக்கு ஒரு பழங்கதை சேர்த்தேன். பத்து வருடத்துக்கு முன் ஒருமுறை, தெரிந்தவருடைய இரண்டு மூட்டையைக் கம்பெனி வண்டியில் ஏற்றிப்போய்க் கொடுத்திருக்கிறார் என்று. *அன்று அவர் வாங்கிய அந்தச் சின்ன—* என்று வாக்கியம் நன்றாகவே ஓடியது. பாத்திரத்துக்கு ஆழம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆழமாவது மண்ணாவது. அவர் கொஞ்சம் கறைபட்டால் என் தங்கையின் கணவர் கொஞ்சம் வெளுப்பார், அவ்வளவுதான்.

அவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத மனிதர்மேல் சேறு பூசிவிட்டு, அதைத் திருத்தி அழகு வேறு பார்த்திருக்கிறேன். அடித்துவிட்டேன். ஆனால் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

5

மனசு உறுத்தியது. போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் காகிதங்களைக் கொடுத்தேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். பால்கனியில் உட்கார்ந்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். உள்ளே தங்கை பிள்ளைகளின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு மச்சான். ஒண்ணுதான் தப்பு."

"சொல்லுங்க மாப்ள."

"கேபிள் பத்தலன்னு நான் சொல்லவே இல்லயே."

உண்மைதான். அதை நான்தான் சேர்த்தேன். சோம்பேறித்தனம் மட்டும் என்றால் வாசகருக்கு அவர்மேல் வெறுப்பு வரும். ஒரு சாக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"கேபிள் தாராளமா இருந்துச்சு. ஆறேழு மீட்டர் மிச்சம். சுருட்டி, ப்ளோயருக்குப் பின்னால திணிச்சு மூடிட்டேன். இப்பவும் அங்கதான் கெடக்கும்." காகிதத்தை மடித்தார். "அத மாத்தி எழுதிடுங்க."

மாற்றவில்லை. இரண்டாம் பகுதியில் அந்தப் பொய் அப்படியே இருக்கிறது. நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்றே விட்டிருக்கிறேன்.

6

முடிவுகள்.

அ) அவன் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறான். ஓட்டுநருக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. (அவன் வேலை போகிறது. அந்த இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவள் என் தங்கை.)

ஆ) ஓட்டுநரே ஒருநாள் ப்ளோயருக்குக் கீழே அந்த சென்சாரைப் பார்த்து— (வண்டிக்குள் அவரை யார் விடுவார்கள்?)

இ) நடந்தது. மாப்பிள்ளை அன்று பால்கனியிலேயே போனை எடுத்தார். "இப்பவே சொல்லிடறேன் மச்சான்" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அட, மீட்டர் தம்பியா!" ஓட்டுநரின் குரலைக் கேட்டது எனக்கு அதுதான் முதல்முறை. நான் கதையில் கொடுத்திருந்ததைவிட இளமையாக இருந்தது.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

"இருக்கேன் தம்பி. ஒரு குடோன்ல மூட்ட எறக்கறேன். ஸ்டியரிங் யாரும் தர மாட்டேங்கறாங்க. சரக்க எறக்கிட்டு வேற லோடு அடிச்சவன்னு பேராயிடுச்சுல்ல. என் பொண்ணே ஒரு நாளு, 'நிஜமாவே நீ அப்படிச் செய்யலியாப்பா'ன்னு கேட்டுச்சு. அத விடுங்க. அன்னிக்கு ஆபீஸ்ல ஆளாளுக்கு வாய்க்கு வந்தத பேசினாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல. மறக்க மாட்டேன் தம்பி. என்ன விஷயமா கூப்பிட்டீங்க?"

மாப்பிள்ளை போனை வாயருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று நான் தலையசைத்திருக்கலாம். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"சும்மாதாண்ணே. உடம்பப் பாத்துக்குங்க."

போனை வைத்ததும் பெருமூச்சு ஒன்று கேட்டது. அது என்னுடையது.

7

ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. எழுதினால் சொல்லிவிட்டதாகவே நாங்கள் இருவரும் நினைத்துக்கொள்வோம். ஒரு பத்திரிகையில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பாவம் தீர்ந்தது என்று விருந்தே வைத்துவிடுவோம். அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. வேறொருவர் ஓட்டுகிறார். போனில் நாலு டிகிரி காட்டுகிறது.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் கொடுத்துவிடுவது எங்கள் தொழிலில் உள்ள ஒரு வசதி. உங்களிடம் கொடுக்க எனக்கு இதில் உரிமை இல்லை. இந்த ஏழாம் பகுதி அந்த ஓட்டுநருடையது. என்ன நினைக்கிறார், மன்னிப்பாரா, செவிட்டில் அறைவாரா, அவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டு எழுத நான் தயார். கேட்க வேண்டுமென்றால், முதலில் யாராவது அவரிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.