மார்னிக்குப் பிடித்துப்போன கல்லூரி

மார்னிக்குப் பாஸ்டனில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது அவளுடைய அப்பா வெர்ன் கோவாச் ஒரு பாலத்துக்கு அடியில் நின்று, தூண் கான்கிரீட் எங்கே உள்ளுக்குள் பொத்தலாகிவிட்டது என்று சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். மாவட்டச் சாலைத் துறையில் அவனுக்கு இருபத்திரண்டு வருட வேலை. குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி, மற்ற மாதங்களில் பாலங்களுக்கு ஒட்டுப்போடுவது. ஃபோனை எடுத்தால் மகள் விம்மி விம்மி அழுகிறாள். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தான்.

"அப்பா, கெடச்சிருச்சுப்பா! சிவில் இன்ஜினியரிங்! கெடச்சிருச்சு!"

அவனும் கத்தினான். பாலத்தடியில் அந்தச் சத்தம் மூன்று முறை திரும்பி வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்று ஒருநாள் அந்த வீட்டில் எல்லோருமே சந்தோஷமாக இருந்தார்கள்.

அடுத்த வாரம் உதவித்தொகை பற்றிய விவரம் வந்தது. பெரிய கல்லூரி தன்னால் ஆனதைத் தரத்தான் செய்தது. அது போகவும் வருடா வருடம் கட்ட வேண்டியது வெர்ன் சம்பளத்தில் பாதிக்கு மேல் இருந்தது. கடன் வாங்கலாம். பெற்றவர்களில் ஒருவர் அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

வெர்ன் போடவில்லை.

அவன் மனைவி லோரெட்டா கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸ் படிப்பில் சேர்ந்து, இரண்டாம் வருடத்தில் நிறுத்தியவள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். கிடைக்காமல் போன அந்தப் பட்டத்துக்கு நாற்பத்தாறு வயதிலும் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள். தவணைச் சீட்டு உறை வரும் நாளில் அவள் முகம் எப்படி ஆகும் என்று வெர்னுக்குத் தெரியும். அந்த முகத்தை மகளுக்கும் வாங்கிக் கொடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

"எட்டு வயசுலேர்ந்து சொல்லிட்டு வந்தியே, 'நீ படி, மத்தத நான் பாத்துக்கறேன்'னு," என்றாள் மார்னி. "பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?"

"டன்பார்ல முழு ஃபீஸும் தள்ளுபடி பண்ணியிருக்காங்கம்மா. உன் மார்க்குக்கு. வீட்லேர்ந்தே போய்ட்டு வரலாம்."

"டன்பாரா? அது பதிமூணாங் கிளாஸ்ப்பா."

அவள் பள்ளியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அதுவும் பள்ளிக்கூடம்தான் என்கிற மாதிரி. மாநிலப் பல்கலைக்கழகத்தின் சின்னக் கிளை அது. மலைக்கு அந்தப் பக்கம் ஐம்பது நிமிடம். இன்ஜினியரிங் பிரிவு சிறியதுதான் என்றாலும் நல்ல பெயர் உண்டு. வெர்னுக்கு மேலதிகாரியாக இருக்கும் இன்ஜினியரே அங்கே படித்தவர். பள்ளியில் எல்லோரும் போடுகிறார்களே என்று மார்னியும் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தாள்.

வெர்ன் பிரச்சாரத்தில் இறங்கினான். டன்பார் விளம்பரத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். அங்கே படித்தவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினான். கல்லூரிப் பெயர் போட்ட ஒரு பனியன் வாங்கி வந்தான். இரண்டு நாள் கழித்து நாய் அதன் மேல் படுத்துக் கிடந்தது.

தவக்காலம் அது. இறைச்சி கூடாதென்று வெள்ளிக்கிழமை தோறும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுத்துப் போடுவார்கள், ஊரே அங்கேதான் சாப்பிடும். வரிசையில் நிற்கும்போது ஓய்வுபெற்ற ஃபோர்மன் ஒருவர், "பொண்ணு எங்க போறா?" என்று கேட்டார். வெர்ன் யோசிக்கவே இல்லை. "டன்பாருக்கு! முழுத் தள்ளுபடி!" என்று நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

மார்னி தட்டை அப்படியே மேஜையில் வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். உருகிய பனிச் சேற்றில் இரண்டு மைல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். வெர்ன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா வெர்ன்?" என்றாள் லோரெட்டா. "நீ எதெ எதெப் புகழ்றியோ அதெல்லாத்தையும் அவ வெறுக்கறா. அந்தக் காலேஜ் மேல அவளுக்கு ஒரு கோவமும் இல்ல. உம்மேலதான். கொஞ்ச நாள் வாய மூடிட்டு இரு, புண்ணியமாப் போகும்."

வெர்ன் வாயை மூடிக்கொண்டான். விளம்பரத் தாளையும் கிழித்துப் போட்டான்.

மார்ச் கடைசியில் டன்பாரில் புதிதாக இடம் கிடைத்தவர்களை அழைத்துச் சுற்றிக் காட்டும் நாள் வந்தது. "போய்ப் பாத்துட்டு வந்துடு. பிடிக்கலன்னா அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்த பேசல," என்று லோரெட்டா மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். மார்னி வழியெல்லாம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். வண்டியை நிறுத்தியதும் வெர்ன் இறங்கவில்லை.

"நீ வரலியா?"

"முட்டி வலிக்குது. நீ பாத்துட்டு வா."

அவள் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரத்தில் வரவேண்டியவள் மூன்று மணி நேரமாகியும் வரவில்லை. வெர்ன் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றான், செய்தி கேட்டான், ஒரு தூக்கமும் போட்டான். கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் விழித்தால் மார்னி நிற்கிறாள். முழங்கை வரை வெள்ளைத் தூசு, புருவத்திலும் தூசு. பக்கத்தில் மூக்குத்தி போட்ட நெட்டைப் பெண் ஒருத்தி, அவளும் அதே கோலத்தில்.

"சார், நான் அட்ரியானா, மூணாம் வருஷம். இவள சனிக்கிழமை அனுப்பி வைங்க. எங்க பசங்களவிட நல்லா உப்புத்தாள் தேய்க்கறா. அவனுங்க சோம்பேறிங்க."

வெர்ன் தலையை மட்டும் ஆட்டினான். சாலையில் ஏறியபின் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான். கேட்டால் கெட்டது என்று அவனுக்குத் தெரியும். பத்து மைல் போனார்கள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"கான்கிரீட்ல படகு செய்யறாங்கப்பா."

"ம்."

"நெசமான படகு. நாலு பேர் உக்காந்து துடுப்புப் போட்டு ரேஸ் ஓட்டுவாங்க. எல்லாக் காலேஜும் வருமாம்."

"ம்."

"கல்லுக்குப் பதிலா குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குமிழியக் கலக்கறாங்க. மாவு மாதிரி இருக்கு. அதான் மெதக்குது. எவ்ளோ கலந்தா எவ்ளோ பலம் கொறையும்னு ஒரு கணக்கு இருக்கு. அட்ரியானா காமிச்சா. அதுல ஒரு எடத்துல தப்பு பண்ணியிருந்தாங்க, நான் சொன்னேன்."

"அப்படியா?"

அவ்வளவுதான் கேட்டான். வாழ்நாளெல்லாம் அவன் ஆற்றில் தவறவிட்ட கான்கிரீட் ஒன்றுகூட மிதந்ததில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகள் முழுதும் மார்னி டன்பாரில்தான் கிடந்தாள். பழைய காரை எடுத்துக்கொண்டு தானே போனாள். சாப்பாட்டு மேஜையில் மறுபடி பேச ஆரம்பித்தாள். அங்கே வகுப்புக்கு இருபது பேர்தானாம். பேராசிரியரை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். முதல் வருடப் பிள்ளைகளையே கலவை இயந்திரத்தைத் தொட விடுகிறார்களாம். பாஸ்டனில் மூன்றாம் வருடம் வரைக்கும் எட்டத்தில் நின்று பார்க்கத்தான் முடியும் என்று எங்கேயோ படித்தாளாம். லோரெட்டா மேஜைக்கு அடியில் கணவனின் காலை மிதித்தாள், வாயைத் திறந்துவிடாதே என்று.

மாதக் கடைசியில் அணைத் தண்ணீரில் போட்டி. ஓட்டத்துக்கு முன் படகு நிறையத் தண்ணீரை ஊற்றி, முழுதாக அமுக்கி, கையை எடுத்துவிடுவார்கள். தானாக மேலே வரவேண்டும், இல்லையென்றால் போட்டியிலேயே சேர்க்கமாட்டார்கள். டன்பார் படகு அமுங்கியது. சாம்பல் நிற முனை ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெல்ல எழுந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மார்னி கூச்சல் போட்டுக்கொண்டு கரையேறி ஓடி வந்து, சொட்டச் சொட்ட அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவள் அவனைத் தொட்டே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டே கணினியைத் தட்டினாள்.

"பாஸ்டனுக்கு வேணாம்னு சொல்லிட்டேன்," என்றாள். "டன்பாருக்குச் சரின்னு போட்டுட்டேன். நீங்க ரெண்டு பேரும் மூஞ்சிய அப்படி வெச்சிட்டுப் பாக்காதீங்க. சாப்பிடுங்க."

வெர்ன் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டிக் கொட்டகைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். சந்தோஷ அழுகைதான். தன் ஆயுளில் சாமர்த்தியமாகச் செய்த ஒரே காரியம் இது என்று அவனுக்குத் தோன்றியது.

மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. வெர்ன் சாலையோரத்துப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்தான். லாரி ரேடியோவில் செய்தி வந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதாம், கிளைகளை ஒன்றாக்கப் போகிறார்களாம். பல்கலைக்கழக நிர்வாகக் குழு காலையில் கூடி முடிவெடுத்துவிட்டது. டன்பாரில் இன்ஜினியரிங் பிரிவு மூடப்படும். இந்த வருடம் புதிதாக யாரையும் சேர்க்கமாட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் தலைமை வளாகத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

கையிலிருந்த மண்வாரியைக் கீழே போட்டுவிட்டு, தார் நாற்றத்தோடு அரசாங்க லாரியிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனான். மார்னி விளையாட்டு மைதானத்துப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஃபோன் மடியில் கிடந்தது.

"அட்ரியானா சொல்லிட்டா," என்றாள். "அவங்களுக்கே காலைலதான் தெரியுமாம். பேராசிரியருக்கும் தெரியாதாம். அவரும் செய்தில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாராம்."

வெர்ன் ஒரு படி கீழே உட்கார்ந்தான். "நான் பேசறேன்மா. எல்லார்கிட்டயும் பேசறேன்," என்றான்.

பேசினான். மூன்று வாரம் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் லாரியில் உட்கார்ந்து பேசினான். பாஸ்டனில் ஃபோனை எடுத்த பெண்மணி நல்லவள். அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். "ரொம்ப வருத்தமா இருக்கு சார். காத்திருப்புப் பட்டியலே மூடியாச்சு. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுங்க," என்றாள். தலைமை வளாகத்தில் இடம் உண்டு, ஆனால் அந்தத் தள்ளுபடி டன்பாருக்கு மட்டும்தானாம். அறைக்கும் சாப்பாட்டுக்கும் தனி. மாநிலச் சட்டசபை உறுப்பினரின் அலுவலகத்தில் ஒரு பையன் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டான். அதோடு சரி.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்ததும் வெர்ன் கடன் காகிதங்களை மேஜையில் பரப்பினான். தலைமை வளாகத்துக்கான காகிதம். தன் கையெழுத்தைப் போட்டே வைத்திருந்தான்.

"எவ்ளோ ஆனாலும் சரி," என்றான். "போட்டுட்டேன். நீ போ."

லோரெட்டா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்னி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். எல்லாவற்றையும் அடுக்கி அவன் பக்கமே தள்ளினாள்.

"வேணாம்ப்பா."

"ஏம்மா? பிப்ரவரில இதுக்குத்தானே சண்ட போட்ட?"

"அப்ப வேணும்னு இருந்துச்சு."

"கோவத்துல பேசாத."

"கோவம் இல்ல. இருந்தா நல்லாருக்கும்." அவள் குரல் உயரவே இல்லை. "நீ வாய மூடிட்டு இருந்ததெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா. முட்டி வலிக்குதுன்னு வண்டிலயே உக்காந்திருந்தியே, அதுவும் தெரியும். பாவமா இருந்துச்சு. சரி, நாமளும் ஒரு கை போடுவோம்னு உள்ள போனேன். பிடிக்கணும் பிடிக்கணும்னு நெனச்சுக்கிட்டே போனேன். அப்பறம் நெசமாவே பிடிச்சுப் போச்சு. பாஸ்டன மறக்கறதுக்கு எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமா? இன்னொரு எடத்த இன்னொரு தரம் பிடிக்க வெச்சுக்க என்னால முடியாது."

"நாந்தான்..." என்று ஆரம்பித்தான் வெர்ன். நான்தான் உன்னை அதில் தள்ளினேன் என்று சொல்ல வந்தான். அவள் எழுந்து, தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள்.

எந்தக் கடனும் இல்லாத பெண்ணாக அவளைக் கரையேற்றிவிட வேண்டும் என்றுதான் அவன் எல்லாம் செய்தான். அதில் மட்டும் ஜெயித்துவிட்டான். கடன் ஒரு காசு இல்லை. கையில் வேறெதுவும் இல்லை.

ஜூலையில் நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கில் சாமான் கட்டும் வேலைக்கு மார்னி சேர்ந்தாள். இன்ஜினியரிங் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மேஜையில் லோரெட்டா முதியோர் இல்லத்துக் கதைகளைச் சொல்வாள், மற்ற இருவரும் சாப்பிடுவார்கள். பெட்டியை ஸ்கேன் செய்யும் வேகத்துக்குத் தனக்குப் பாராட்டுச் சீட்டு கொடுத்தார்கள் என்று ஒருநாள் மார்னி சொன்னாள். "நல்லதும்மா," என்றான் வெர்ன். அந்த ஒரு சொல்லுக்காகத் தன் நாக்கையே அறுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை அவளுடைய தோழி கிளம்பினாள். தலைமை வளாகத்துக்குத்தான், வேறு படிப்புக்கு. விடைபெற வந்த கார் மெத்தை, விளக்கு, துணி மூட்டை என்று பிதுங்கிக்கொண்டிருந்தது. மார்னி பெட்டிகளை இறக்கி வேறு மாதிரி அடுக்கி, பின்கதவு மூடும்படி செய்து கொடுத்தாள். சிரித்தாள், கட்டிப்பிடித்தாள், கார் தெருமுனை திரும்பும் வரை கையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய்க் கிடங்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பழைய கார் மறுபடி கெட்டுப்போயிருந்ததால் வெர்ன்தான் கொண்டுபோய் விட்டான். அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பம் போடலாம் என்று சொல்ல வழியெல்லாம் வார்த்தையைத் தேடிக்கொண்டே வந்தான். அவன் சொன்னால் அவளுக்கு ஆகாது என்பது போய், இப்போது அவன் எதைச் சொன்னாலும் சரியென்று தலையாட்டிவிடுகிறாள். அதற்குப் பயந்துதான் அவன் வாய் திறக்கவில்லை.

"எட்டு மணிக்கு வந்துடுப்பா," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மதிய ஷிஃப்ட்டுக்காரர்கள் இருநூறு முந்நூறு பேர் வாகன நிறுத்தத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள், எல்லோர் மேலும் ஒரே நிறச் சட்டை. நாலு அடி வரைக்கும் மகள் எவள் என்று அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். வெர்ன் கியரைப் போட்டு நகர்ந்தான்.