முக்கால் லீற்றர்ப் பாலைவனம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்தியேட்டி நினைவு மலருக்கு, என் மனைவி சாருஜாவின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னார்கள்.

மானிப்பாயில் பிறந்து, மானிப்பாயிலேயே

(வெட்டிவிட்டேன்.)

அமைதியே உருவான

(பொய். புத்தகத்தில் வரும் பயணிகளைத் திட்டாமல் அவள் ஒரு பயணக் கதையும் முடித்ததில்லை.)

2

சிறுநீரகங்கள் பழுதானபின் இரண்டு வருடம், கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போனாள். மற்ற நேரமெல்லாம் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து உண்மைப் பயணக் கதைகளை வாசித்தாள். துருவத்தில் மாலுமிகள் நாயைத் தின்ற பக்கத்தில் சோற்றைத் தள்ளி வைத்தாள். மலையேற்றப் புத்தகம் முடிந்த அன்று கால் உளைகிறதென்று சிரித்தாள்.

கடைசியாகப் பாலைவனம். அதில் ஒருவர் தண்ணீரை அளந்து குடிக்கிறார். சாருஜாவுக்கும் டொக்டர் விதித்த அளவு உண்டு: நாளுக்கு முக்கால் லீற்றர். போத்தலில் கோடு கீறியவன் நான்.

"உவருக்கு ஒரு லீற்றர். அதுவும் ஒன்பது நாள்தான். அதுக்கு முந்நூறு பக்கம். நான் எழுதினா எத்தினை பக்கம் வரும், சொல்லுங்கோ பாப்பம்?"

இன்னொரு நாள் கேட்டாள்: "திரும்பி வந்த ஆக்கள்தான் எழுதுகினம். வராத ஆக்கள்ரை புத்தகம் எங்கை?"

3

ஆகவே மலரில் எழுதினேன்: 'பாலைவனம் கடந்தவர்.'

அவளுடைய அண்ணன் கோகுலன் வாசித்தார்.

"தம்பி, சனம் சிரிக்கும். கதிரையிலை இருந்தவள் எங்கை கடந்தவள்? எங்கையும் போகாத பிள்ளை எண்டு போடும். அதுதான் மரியாதை."

(இந்த இடத்தில் நான் அவருக்குச் சூடாகப் பதில் சொன்னதாக எழுதியிருந்தேன். சொல்லவில்லை. ஓம் என்றேன். செத்தவீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். கோபம் இப்போதுதான் வருகிறது.)

(கோகுலனைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்குத் தன் ஓட்டோவில் அவளை ஏற்றிப் போனவர் அவர்தான்.)

ஆனாலும் எது மரியாதை? ஒன்பது நாள் தாகத்தோடு நடந்தவர் வீரர். இரண்டு வருடம் தாகத்தோடு இருந்தவள் எங்கும் போகாத பிள்ளையா?

4

'கடந்தவர்' என்பதும் சரியில்லை. பாலைவனப் புத்தகத்தின் 212ஆம் பக்கத்தில் அவளுடைய கிளினிக் துண்டுச்சீட்டு செருகியபடியே இருக்கிறது. அதற்கு அப்பால் நான் வாசிக்கவில்லை. அந்த மனிதர் பிழைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதுதான் பொறுக்கவில்லை.

நாளை காலை மலர் அச்சுக்குப் போகிறது. இரண்டு வசனங்கள் இருக்கின்றன.

எங்கும் போகாதவர்.

பாலைவனப் பயணத்தின் நடுவில் காலமானவர்.

ஒன்றை நீங்கள் வெட்டுங்கள். வெட்டுமுன் இந்தச் சித்திரை வெயிலில் ஒரு நாள், முக்கால் லீற்றரோடு இருந்து பாருங்கள். தேத்தண்ணியும் குழம்பும் அதற்குள்தான்.