பதினொரு பேருக்குக் கேட்ட குரல்

கினோடா ஏரிக்கரையில் ஒருவரைப் போனில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்களோ, அத்தனை பேருக்குத்தான் அவர் குரல் கேட்கும். நீள்மழைக் காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை இது தொடங்கியது. அதே வாரம் மண்ணெண்ணெய் விலையும் ஏறிவிட்டதால் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. வீட்டுக்குள் எல்லாம் பழையபடிதான். வாசலைத் தாண்டினால்தான் இந்தக் கணக்கு. போன் சார்ஜ் போடும் கடை வைத்திருந்த ரபுருவை முப்பத்தெட்டாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். அவர் கடையில் தும்மினால் எதிர்த்தீவில் வாழ்த்துவார்கள். களவுபோன படகு இயந்திரம் ஒன்று எங்கே புதைந்து கிடக்கிறது என்று ஒருமுறை போனில் சரியாகப் பதிவு போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் சொன்னதுதான் வேதவாக்கு. அவர் யாரையும் பின்தொடரவில்லை. பெரிய மனிதருக்கு அது அழகா என்ன?

அக்கேலோவைப் பின்தொடர்ந்தவர்கள் பதினொரு பேர், எல்லோரும் அவளைப்போல ஒமேனா காயவைக்கும் பெண்கள். வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருடமாகியும் ஊருக்கு அவள் நியார் உயோமாதான், உயோமாவிலிருந்து வந்த பெண். ஆனால் அந்தக் கரையில் வானம் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்தப் பெண்கள் மட்டுமே. விரல் நீள ஒமேனா மீனை மணலில் பரப்பியபின் நாலு தூறல் விழுந்தால் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது. அதனால் மழை கிளம்புமுன்பே அவர்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும். கட்டிய கணவனாவது பின்தொடரலாமே என்றால், பெண்டாட்டியைப் பின்தொடர்வது கினோடா ஆண்களுக்கு மானக்கேடு. அக்கேலோ ஒருநாள் உகாலிக் களி உருண்டையை உடைத்துக்கொண்டே கேட்டும் பார்த்தாள்.

"ஒரு தடவ அமுக்குனா வெரலு தேஞ்சா போயிடும்?"

"வீட்டுல ஓம்பேச்சக் கேக்கறது பத்தாதா? தண்ணிக்குள்ளயும் வந்து கேக்கணுமாக்கும். படகுல பயலுவ சிரிப்பானுவ," என்றான் ஒடேரா.

அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பிற்பாடு மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், ஏரி அமைதியாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று ரபுரு போட்டார். ஒடேராவோடு சேர்த்து ஆறு பேர் படகைத் தள்ளினார்கள். அப்போது காற்று சட்டென்று நின்று திசை மாறியது. அக்கேலோ மீனை வலையோடு சுருட்டிப் போட்டுவிட்டு, போகாதே என்று கத்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். மேலே கை காட்டினாள். ஒடேரா அண்ணாந்து பார்த்தான்; வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையசைத்தான். பதினொரு பெண்களும் ஓடிவந்து சேர்ந்து கத்தினார்கள். அவர்களைப் பின்தொடர்ந்ததும் அவர்களேதான். அவள் ஈரத் துணியோடு கடைக்கு ஓடி ரபுருவின் சட்டையைப் பிடித்தாள். அவர் நிமிர்ந்து, அவள் வாய் அசைவதைப் பார்த்தார்.

"சார்ஜ் போடணுமா? எடமில்ல தாயி, காலைல வா."

ஒரு மணி நேரத்தில் ஏரி புரண்டது. ஐந்து உடல்கள் கரைக்கு வந்தன. ஒடேரா வரவில்லை. ரபுரு தன் பதிவை நீக்கிவிட்டு மெழுகுவர்த்திப் படம் ஒன்றைப் போட்டார்.

எச்சரித்த பெண் என்ற பேச்சு பரவி, மூன்றே நாளில் நாற்பதாயிரம் பேர் அக்கேலோவைப் பின்தொடர்ந்தார்கள். பாவம், அப்போது அவளிடம் சொல்வதற்கு அழுகையைத் தவிர ஒன்றுமில்லை. தினமும் சாயங்காலம் தண்ணீர் ஓரம் நின்று புருஷன் பேரைச் சொல்லி அழுதாள். அது பேருந்துகளிலும் தேவாலயத்திலும் கிசுமு நகரத்து வங்கியிலும் கேட்டது. முதலில் எல்லோரும் கூடவே அழுதார்கள். பிறகு கல்யாணங்கள் வந்தன, பரீட்சைகள் வந்தன. வன்மம் ஒன்றுமில்லை, எத்தனை நாள்தான் தாங்குவது? ஒவ்வொருவராக விலகினார்கள். பதினொருவரில் கடைசிப் பெண் மட்டும் நேரில் வந்து சொன்னாள்: "கோச்சுக்காதடி. நான் அழறதப் பாத்து புள்ள பால் குடிக்க மாட்டேங்குது."

கிறிஸ்துமஸுக்குள் ஒரே ஒருவர்தான் மிச்சம். ரபுரு தன் வாழ்நாளில் பின்தொடர்ந்த ஒரே ஆள் அக்கேலோ. பொழுது சாயும்போது அவர் கையிலிருக்கும் வயரைக் கீழே வைத்துவிட்டு ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். விலகிவிடுங்களேன் என்று சைகை காட்டியவர்களிடம், "கேட்டுட்டு வர்றேன், இரு," என்பார். வாடிக்கையாளர்கள் மணலில் குந்திக் காத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகும் என்று கினோடாவில் எல்லோருக்கும் தெரியும்.