தட்டுல கை இருக்கறவரைக்கும்

கம்பி இன்னும் எலி கையிலதான் இருக்கு. கீழ போடணும்னு பாக்கறா, விரல் விரிய மாட்டேங்குது. அப்பா தட்டு மேலயே கவுந்து கிடக்கார். காதுக்கு மேல இருந்து ரத்தம் வழிஞ்சு சாப்பாட்டோட கலக்குது. மூச்சு இருக்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் கன்னத்துல ஒட்டின பருக்கை ஒண்ணு ஆடுது.

தண்ணிச் செம்போட ஓடிவந்த அம்மா, செம்பைப் போட்டுட்டு எலி கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டா.

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரையாடி அடிச்ச?"

எலின்னு கூப்பிட ஆரம்பிச்சதே அப்பாதான். பதினாறு வயசாகியும் அவ ஒடம்புல பொட்டு சதை கிடையாது. லேத் பட்டறையில வேலை அவருக்கு. சாமி கிடையாது, சத்தியம் கிடையாது, செத்தவங்க படத்துக்குக்கூடக் கை கூப்ப மாட்டார். ஆனா தட்டுல கை வச்சுச் சாப்பிடறவங்களை மட்டும் அடிக்கத் தொடவே மாட்டார். சின்ன வயசுல அவங்கப்பா அவர் தட்டை எட்டி உதைச்சு, தரையில சிதறினதை நக்க வச்சாராம். அன்னைக்குப் பிடிச்ச பிடி, இன்னும் விடல.

அதனால அவர் பைக் சத்தம் தெருமுனையில கேட்டாலே எலி ஓடிப்போய் அம்மா முன்னாடி தட்டை வச்சுடுவா. அம்மா ஒரு வாயை நூறு வாயா மென்னுக்கிட்டு இருப்பா. அவர் பெல்ட்டை மடியில போட்டுக்கிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி எதிர்லயே உக்காந்திருப்பார். சில நாள் அப்படியே கண் அசந்துடுவார், அன்னைக்கு அம்மா தப்பிச்சா. இல்லைன்னா கடைசி வாய் முடிஞ்சதும் ரொம்ப சாந்தமா, கை கழுவிட்டு வாம்பார். தின்னு தின்னே அம்மா ஊதிப்போனா. வீட்டுக்காரர் நல்லா ஊட்டி வளக்குறார் போலன்னு பக்கத்து வீட்டு டெய்லரக்கா கிண்டல் பண்ணும். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பா.

இன்னைக்கு மத்தியானம் பெல்ட் இல்லை. பட்டறையில இருந்து முழ நீளத்துக்கு இரும்புக் கம்பியோட வந்தார். அம்மா அவ அண்ணன்கிட்ட போன்ல அழுதது எப்படியோ இவர் காதுக்குப் போயிருக்கு. கம்பியைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு, பசிக்குது, முதல்ல சோத்தைப் போடுன்னார். உன் ரெண்டு முட்டியையும் இன்னைக்கு எடுத்துடறேன், அப்புறம் நீ எந்த அண்ணன் வீட்டுக்கு நடந்து போறேன்னு பாப்போம்னார், உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி. அம்மா தண்ணி எடுக்க உள்ள போனா. தட்டுல இன்னும் நாலு வாய்தான் பாக்கி.

எலி கம்பியை எடுத்தா. அவர் பாத்துட்டார். இடது கை சும்மாதான் இருந்துச்சு, லேசா ஒரு தள்ளு தள்ளியிருந்தா அவ மூலையில போய் விழுந்திருப்பா. தள்ளல. சோத்துக் கையை எடுக்கவும் இல்ல. விவரம் தெரியாத பிள்ளை மாதிரி அவளை நிமிர்ந்து பாத்தார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்மா."

அதைக் கேட்டுட்டுத்தான் அடிச்சா. ரெண்டு தடவை. ரெண்டாவது அடியில எலும்பு நொறுங்கின அதிர்வு கம்பி வழியா அவ தோள்வரைக்கும் ஏறுச்சு.

இப்ப அம்மா அவர் தலையை மடியில போட்டு, துண்டை வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. டெய்லரக்கா வாசல்ல நின்னு போன்ல ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்கு. அவருக்குக் கண்ணு பாதி திறந்திருக்கு, எலியைத்தான் பாக்குது. பொழைச்சுக்குவார். எலி பயப்படறதே அதுக்குத்தான். இந்த வீட்டுல மீறக் கூடாதுன்னு இருந்தது, சாப்பிடறவங்களைத் தொடக் கூடாதுங்கற ஒண்ணே ஒண்ணு. குடிச்சுட்டு வந்த நாள்லகூட அதை அவர் மீறினது கிடையாது. இவ மீறிட்டா. இனிமே அவரைப் பிடிச்சு வைக்க அந்தத் தட்டுல என்ன இருக்கு?

கட்டுப் போட்டுக்கிட்டு அவர் திரும்பி வந்தா, அம்மா எங்க போய் உக்காருவா?